தெரியாத மாதிரி நிக்கணும்

ஆவணி 6, வியாழன்
வெக்கை. மழையைக் காணோம், உரக்கடையில ஈ ஓட்டுதேன். நாளைக்கு எம்மக மாரியைப் பொண்ணு பாக்க வாராவ. மாப்பிள்ளை வீடு (இனி மா.வீ.) விளாத்திகுளம், மிளகாய் யாவாரம். பையன் தூத்துக்குடியில கப்பல் ஆபீஸ். இடுப்புல செல்போன் உண்டாம். பொருத்தம் பத்துக்கு எட்டு.
வீட்டுக்கு வர மாட்டாவ. அம்மன் கோயில்ல வச்சுத்தான். அவிய பாட்டுக்கு அவிய, நம்ம பாட்டுக்கு நாம. பிடிக்கலைன்னாலும் வெளியே தெரியாது, பொண்ணு பேரு கெடாது.
தரகர் திரும்பத் திரும்ப: "அண்ணாச்சி, தெரியாத மாதிரி நிக்கணும்."
என்ன பெரிய வித்தை.
வாங்க வேண்டியது: பூ, தேங்காய். எனக்குச் சவரம்.

ஆவணி 7, வெள்ளி
கெடுத்துட்டேன்.
மா.வீ. கொடிமரத்துக்கிட்ட வரவும் என் கை தன்னால கும்பிட்டிருச்சு. "வாங்க சம்பந்தி, வாங்க!" கடையில ஆள் கூப்பிடுத அதே குரல். வெள்ளிக்கிழமைக் கூட்டம் முழுக்கத் திரும்பிச்சு. எங்க தெரு டீச்சரம்மா என் வீட்டுக்காரிட்ட, "என்ன கோமதி மதினி, தையில கல்யாணமா?" கோமதி என்னைப் பாத்த பார்வை! அம்மன் தேவலாம்.
அதுக்கு மேல மாரி. "அவர்ட்ட அஞ்சு நிமிஷம் தனியாப் பேசணும்பா." பையனோட அப்பா முகம் சுருங்கிச்சு. பையன் சரின்னான். பிரகாரத்துல நின்னு பேசினாவ. நான் தூணுக்கு இந்தப் பக்கம். ஒரு எழவும் கேக்கல.
என்னதான் பேசுவாவ? கல்யாணமாகி மூணாம் நாள் கோமதி எங்கிட்ட மொதல்ல பேசுனது: "கதவைச் சாத்துங்க, ஆடு வருது."

ஆவணி 8, சனி
மா.வீ. சம்மதம். தரகர் வந்து சொன்னார். கோமதி கேசரி கிண்டினா.
மாரி தொடல. "வேண்டாம்பா."
"ஏன்?"
"பிடிக்கல."
கோமதி: "ஏட்டி, ஊரே பாத்திருக்கு! இனி உன்னை யாரு கேட்டு வருவா?" ஊரைப் பாக்க வச்சது யாருன்னு சொல்லல. நல்ல மனுஷி.
சாயங்காலம் மாரி கடைக்கே வந்தா. "அம்மாட்ட சொல்லிராதீங்கப்பா. அவருக்கு ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்காம். வேதக்காரப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவ. வீட்டுல சொல்லப் பயம். நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டார்."
"நேரா அவன் அப்பன்ட்டயே சொல்லுதேன்."
"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."
"அப்ப உன் பேரு?"
"மாப்பிள்ளையை வேண்டாம்னு சொன்னவன்னு பேரு வரும். வரட்டும்."
அஞ்சு நிமிஷத்துக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு. எங்க காலத்துல இது தெரியாமயே எத்தனை பேரு மாலை மாத்துனாவளோ. கோமதிக்கு அப்ப யாராச்சும்...? கேக்கலாமா. வேண்டாம்.

ஆவணி 9, ஞாயிறு
விளாத்திகுளம் பஸ். உக்கார இடமில்ல, அதுவும் நல்லதுக்கு; உக்காந்தா யோசனை ஓடும். மா.வீ.ல காப்பி குடுத்தாவ. கைக்குள்ள டம்ளரை வச்சுக்கிட்டே சொன்னேன், பொண்ணு வேண்டாங்கான்னு.
பையனோட அப்பா: "அவ கெடக்கா. நீரு என்னவே சொல்லுதீரு?"
"நானும் வேண்டாங்கேன்." இப்படிச் சொல்லணும்னு யோசிச்சுட்டுப் போகல. வாயில வந்துது.
"பொட்டப்புள்ள பேச்சுக்கு ஆடுத வீட்டுல எங்களுக்கும் சம்பந்தம் வேண்டாம்."
பையன் கதவோரம். தலையே தூக்கல. அந்த ஆபீஸ் பொண்ணு சேதி வாய் வரைக்கும் வந்திச்சு. காப்பியைக் குடிச்சு உள்ள தள்ளிட்டேன்.
வீட்டுல கோமதி சோத்தை வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

ஆவணி 10, திங்கள்
தூறல். யூரியா கேட்டு நாலு பேரு. அஞ்சாவதா டீச்சரம்மா. "அண்ணாச்சி, பையன்ட்ட என்ன குறை?"
"ஒரு குறையும் இல்ல. எம்மகளுக்குப் பிடிக்கல."
"அவ சொன்னா ஆச்சா?"
"ஆச்சு."
அதுக்குள்ள சேதி வீட்டுக்குப் போயிருச்சு போல. மத்தியானம் சோறு போடையில கோமதி, "டீச்சர்ட்ட அப்படியா சொன்னீங்க?" ஆமான்னேன். கூட ஒரு கரண்டி குழம்பு விழுந்துது.
அந்தத் தைரியத்துல கேட்டேன்: "நமக்கும் அன்னைக்கு அஞ்சு நிமிஷம் குடுத்திருந்தா, எங்கிட்ட என்ன கேட்டிருப்ப?"
கரண்டியைச் சட்டிக்குள்ள வச்சா. பொறவு, "இப்பக் கேக்கட்டுமா?"ன்னா.
உருட்டுன சோறு கையிலயே நின்னுட்டுது.