எங்கள் குளியல் தண்ணீரைக் குடிநீர் என்று கண்டறிந்த ஆணை

அனுப்புநர்:
செயலாளர் (தொழில்: குழாய்ப் பழுது பார்த்தல்),
குடியிருப்போர் நீர்க்குழு,
பாலைவனச் சாலை முடியுமிடத்துக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: குடிநீர்த் திருட்டு எனக் கருதி எங்கள் கழிவுநீர்க் குழாய்க்கு வைக்கப்பட்ட முத்திரையை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் நாணல் படுகையின் சுவரில் ஒட்டப்பட்ட தங்கள் ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்களைத் தண்ணீர்த் திருடர்கள் என்று தங்கள் அலுவலகம் எழுத்து மூலம் அறிவித்திருப்பதில் எங்கள் குடியிருப்பு அடைந்திருக்கும் மகிழ்ச்சியை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். வருத்தத்தைப் பின்வரும் பத்திகளில் தெரிவிக்கிறேன்.

1. எங்கள் வீடுகளில் குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் ஒரே குழாயில் சேர்ந்து முதலில் ஒரு தொட்டிக்கு வருகிறது. எண்ணெயும் கசடும் அங்கே தங்கிவிடும். பிறகு, சரளைக்கல் நிரப்பி நாணல் வளர்த்த படுகைகளுக்குள் மெல்ல ஊர்ந்து செல்லும். கல்லிலும் வேரிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். மிஞ்சுவது ஒரு சிறு குளத்தில் விழுந்து, அங்கிருந்து மரங்களுக்குப் போகிறது. மின்சாரம் கிடையாது, மருந்துப் பொடி கிடையாது. அதை நாங்கள் குடிப்பதில்லை, மரங்கள்தான் குடிக்கின்றன.

2. அந்த மரங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. மேற்கே வரிசையாக நின்று மணல் காற்றை மறிப்பவை. அவை வளர்வதற்கு முன்பு, காலையில் வாசல் கதவைத் திறக்கவே மண்வெட்டி வேண்டியிருந்தது. என் மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. காற்றடிக்கும் மாதங்களில் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, அவள் நெஞ்சில் கைவைத்தபடி உட்கார்ந்திருப்பேன். மரங்கள் தலை தூக்கிய பிறகு அவள் ஜன்னலைத் திறந்துவைத்துப் படிக்கப் பழகினாள். நான் சத்தம் போட்டால்தான் மூடுவாள். ஒரு தாய்க்கு இதைவிட என்ன வேண்டும், ஐயா?

3. தங்கள் ஆய்வாளர் வருகிறார் என்ற தகவல் வந்ததும் தவறு நடந்தது. தவறு எங்களுடையது. சலவைக்கூடம் நடத்தும் என் நாத்தனாரை எல்லோரும் ‘பளபளா’ என்றே கூப்பிடுவார்கள். எதையும் தேய்க்காமல் விடமாட்டார். “வர்றவரு மூக்கைச் சுளிச்சுட்டா நம்ம மானம் போயிடும்” என்று சொல்லி, கையில் துடைப்பம் உள்ள அனைவரையும் திரட்டிவிட்டார். நாணலை ஒட்ட அறுத்து, மேல்கல்லைத் தேய்த்து, குளத்துப் பாசியை வழித்து, தொட்டியிலிருந்து படுகைக்கு அழுக்குத் தண்ணீர் வரும் திறந்த கால்வாயையும் பலகை போட்டு மூடிவிட்டார்கள். நான் அன்று ஒரு மோட்டார் மாற்ற வெளியூர் போயிருந்தேன்.

ஆய்வாளரின் கண்ணில் பட்டவை வெறும் கல்லும் தெளிந்த தண்ணீரும் மட்டுமே. பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்திருக்கிறார். முகர்ந்தும் பார்த்திருக்கிறார். “இதுவா கழிவுத் தண்ணி? யாரு காதுல பூ சுத்துறீங்கம்மா?” என்று கேட்டாராம். பாராட்டுகிறார் என்று நினைத்த பளபளா, “எல்லாம் உங்களுக்காகத்தான் சார் பண்ணோம்” என்றாராம். அந்த வாக்கியம் தங்கள் ஆணையில் ஒப்புதல் வாக்குமூலமாக இடம்பெற்றிருக்கிறது. ஆய்வாளர் மீது எங்களுக்குக் குறையில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

4. திருட்டு இணைப்பு என்று கருதி முத்திரை வைக்கப்பட்டது எங்கள் கழிவுநீர்க் குழாய்க்கு. அன்று முதல் சோப்புத் தண்ணீர் தெருவில் ஓடுகிறது. பளபளா வாசலில்தான் அதிகம் தேங்குகிறது என்பதில் சிலருக்குத் திருப்தி. குடிநீர் வழக்கம்போல் வீட்டுக் குழாய்களில் வருகிறது. ஆனால் குளம் வற்றிக்கொண்டே போகிறது. மூடியது குடிநீர் இணைப்பு என்றால் சோப்புத் தண்ணீர் ஏன் தெருவுக்கு வர வேண்டும்? எங்கள் தரப்பு வாதத்தைத் தங்கள் முத்திரையே செய்து முடித்துவிட்டது.

5. மரங்களில் இலை சுருளத் தொடங்கிவிட்டது. காற்றும் தொடங்கிவிட்டது. நேற்று நான் சொல்லாமலே என் மகள் எழுந்து போய் ஜன்னலை மூடினாள். பயந்துவிட்டேன், ஐயா. அதன் பிறகுதான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

6. ஆனாலும் நாங்கள் சோர்ந்துவிடவில்லை. அறுத்த நாணல் ஒரு சாண் துளிர்த்து நிற்கிறது. தங்கள் ஆணையைப் படித்த பக்கத்துக் குடியிருப்பினர், “எங்களுக்கும் இதே மாதிரி கொஞ்சம் திருடிக் குடுங்க” என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் நாணல் படுகைக்கும் இடம் அளந்து கொடுத்துவிட்டோம்.

ஆகவே, மரங்கள் பட்டுப்போவதற்குள் முத்திரையை அகற்ற உத்தரவிட வேண்டுகிறேன். தாங்களே நேரில் வந்தால் தொட்டியின் மூடியையும் திறந்து காட்டுவோம். கைக்குட்டை கொண்டுவருவது நல்லது. அன்று பளபளாவை வீட்டுக்குள் பூட்டிவைப்பது என் பொறுப்பு.

இறுதியாக ஒன்று. ஆணையை ரத்து செய்யும்போது, ‘குளத்தில் இருப்பது கழிவுநீர் அல்ல, தூய குழாய்நீரே’ என்ற வரியை மட்டும் அடிக்காமல் விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அழுக்கைப் பற்றி ஓர் அலுவலகம் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னது இதுவே முதல் முறை. பெரிய எழுத்தில் பலகை எழுதப் பெயின்டரிடம் சொல்லியாகிவிட்டது. கீழே தங்கள் பதவிப் பெயருக்கும் இடம் விட்டிருக்கிறோம்.

இடம்: குளக்கரை
நாள்: காற்றுக்காலத்தின் முதல் திங்கட்கிழமை

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
செயலாளர், குடியிருப்போர் நீர்க்குழு