வலது ஓரம்

உன் கதிரையில் அடுக்கி வைத்திருந்த கோப்புகளை இன்று தரையில் இறக்கி வைத்தேன். அடியில், நீ கம்பளையில் வாங்கிய பச்சை மெத்தை. கழுத்து வலிக்கென்று ஓயாமல் தேய்ப்பாயே, அந்தத் தைல வாசம் இன்னும் அதில் இருக்கிறது. நீ போய் மூன்று வருஷமாகிறது.

வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களின் இரத்தம் இப்போதும் நம் ஆய்வுகூடத்துக்குத்தான் வருகிறது. இன்று வந்தது அக்குறணை மாணிக்கக்கல் வியாபாரி ஒருவருடையது. ஆபிரிக்காவிலிருந்து திரும்பிப் பத்து நாள். அவர் மனைவி வாசலில் நின்று கேட்டார்: "டெங்கு இல்லையாம் மிஸ். மலேரியாவும் இல்லாட்டி ஊட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலுமா?"

நுணுக்குக்காட்டியில் விதிப்படி பார்க்க வேண்டிய அளவு பார்த்தேன். மலேரியா ஒட்டுண்ணி இல்லை. 'இல்லை' என்று எழுதப் பேனாவை எடுத்தவள், எழுதாமல் கீழே வைத்துவிட்டேன்.

நாம் இருவராக இருந்தபோது எனக்கு இந்தத் தயக்கம் கிடையாது. இரத்தம் தடவிய ஒரே கண்ணாடித் தகட்டை நான் இடது ஓரத்திலிருந்து பார்ப்பேன், நீ வலது ஓரத்திலிருந்து. முடிவைத் துண்டுத்தாளில் எழுதி, மடித்து, நுணுக்குக்காட்டி எண்ணெய்ப் போத்தலுக்கு அடியில் வைப்போம். ஒரு நாள் என் தாளில் 'இல்லை', உன் தாளில் 'உண்டு'. "ஒனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு!" என்று கத்தினேன். நீ என்னை இழுத்து இந்தக் கதிரையில் இருத்தினாய். "இல்லையெண்டு எழுத என்னடி அவசரம்? மற்றப் பக்கத்தாலயும் ஒருக்காப் பார்."

இருந்தது. நீல வளையம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி, மலேரியா ஒட்டுண்ணியேதான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "வாயால மட்டும் கெட்டிக்காரி" என்று பஸ் வரும்வரை நீ சிரித்துக்கொண்டே இருந்தாய்.

நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டது, இரண்டு பேர் எதற்கு என்று உன் இடத்துக்கு ஆள் போடவில்லை. நானும் வலது ஓரத்தை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது பொய். சோம்பல்தான்.

இன்று பயத்தில் உன் கதிரையில் உட்கார்ந்து, உன் பக்கத்திலிருந்து தொடங்கினேன். நாலாவது வரிசையில் நீல வளையம் ஒன்று. ஒரே ஒன்று. எழுந்து ஓடினேன். முடிவுக்குக் காத்திராமல் அந்த மனிதரை அதற்குள் ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள். "எறக்குங்க, எறக்குங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

மருந்து தொடங்கியாயிற்று. "அல்லா ஒங்கள நல்லா வெப்பான் மிஸ்" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அலுமாரியில் மூன்று வருஷத் தகடுகள் இருக்கின்றன. எல்லாம் நான் தனியாக, ஒரு பக்கம் மட்டும் பார்த்து, 'இல்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியவர்களுடையவை. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது.

எனக்குப் பயமாயிருக்கிறது. முதல் பெட்டியை உன் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்துவிட்டேன். வலது ஓரத்திலிருந்து பார்க்கிறேன், எதுவும் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டு.