ஓர் ஆள் பாரம்

தென்காசி,
14.06.2024

மாஜிதாவுக்கு ஜாஹிரா சொல்லும் ஸலாம்.

எனக்குக் காது அடைத்துவிட்டது, போனில் பேச முடியாது. கூப்பிட்டாலும் நீ எடுக்கமாட்டாய். ஐம்பத்து மூன்று வருஷமாகச் சுரண்டையிலிருந்து தென்காசிக்கு உனக்குப் பஸ் கிடைக்கவில்லையே!

என் கொழுந்தன், உன் மாப்பிள்ளை உவைஸின் கிளைடர் இன்னும் நம் அரிசி ஆலையில்தான் கிடக்கிறது. என்ஜின் இல்லாத மர விமானம். வடக்கே பையன்கள் பறக்கப் படித்துக் கழித்துப் போட்டதை ரயிலில் கொண்டுவந்தானே, அதுதான். பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து, சரிசெய்து பறக்கவிடுகிறோம் என்றார்கள். இறக்கையைக் கழற்றிவிட்டு உடலை மூட்டைத் தராசில் வைத்தார்கள். மூக்கில் அடித்த தகட்டில் உடலுக்குப் போட்ட எடையைவிட ஓர் ஆள் பாரம் கூடுதல். மரம் காய்ந்தால் குறையத்தானே வேண்டும்? மேலே போர்த்திய துணியைக் கிழித்துப் பார்த்தார்கள். மணலும் இல்லை, எலிக்கூடும் இல்லை.

ஆலைக் காவல்காரன் இசக்கிதுரை என் காதில் கத்தினான்: "ஆச்சி, எடை சரியாகலன்னா பறக்காதாம். விறகுக்குத்தான் ஆகுமாம்!"

உடைக்கலாமா கூடாதா? பெண்டாட்டி நீதான் சொல்லவேண்டும்.

ஜாஹிரா பீவி

*

சுரண்டை,
19.06.2024

ஜாஹிரா அக்காவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

பஸ் இருந்தது. மனசு இல்லை.

அவர் பறந்த அன்றைக்கு நானும் ஏறவேண்டியவள். "பொம்பள ஆகாசத்துல போனா ஊரு சிரிக்கும்ட்டி" என்று அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டீர்கள். ஒரு சீட் காலியானால் அதில் மணல் மூட்டை கட்டவேண்டும், இல்லாவிட்டால் விமானம் நிலைகொள்ளாது. அவர் கட்டவில்லை. நான் வந்துவிடுவேன் என்றே கடைசிவரை பார்த்திருந்தாராம். ஜீப் கயிற்றை இழுக்கவும் எழும்பிவிட்டது. புளியறை வயலில் ஒரு கீறல் இல்லாமல் இறங்கிக் கிடந்தது. உள்ளே அவர் இல்லை. இரண்டு சீட்டிலும் பெல்ட் பூட்டியபடி இருந்தது.

என்னைக் காப்பாற்றிவிட்டதாக ஊரெல்லாம் சொன்னீர்கள். அன்றிலிருந்து நான் படுத்தால் மெத்தை அமுங்குவதில்லை அக்கா. இங்கே என் தம்பி பெண்டாட்டி என் படுக்கையை உதறவே பயப்படுகிறாள்.

முந்தின நாள் அவர் அதே தராசில் என்னை நிறுத்தார். நாற்பத்தாறு கிலோ. "மணல் மூட்டை எதுக்கு, நீ போதும்ட்டி" என்று சிரித்தார்.

கூடுதல் எவ்வளவு என்று எழுதுங்கள். அதுவரை உடைக்க விடாதீர்கள்.

மாஜிதா

*

தென்காசி,
24.06.2024

மாஜிதா,

நாற்பத்தாறு.

திரும்பத் திரும்ப நிறுத்தாயிற்று. உவைஸ் எழுபது கிலோவுக்குக் குறையாதவன், ஆகவே இருப்பது அவன் இல்லை. நேற்று ஆலைக்குள் சாரல் காற்று அடித்தபோது மற்றச் சாமான் எல்லாம் ஆடியது. அது மட்டும் யாரோ அழுத்திப் பிடித்ததுபோல் நின்றது.

தாழ்ப்பாள் போட்டதற்கு நான் வருந்துவேன் என்று எண்ணிக்கொண்டு வராதே. இன்றைக்கானாலும் போடுவேன். ஆனால் வா. குற்றாலத்துக் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது, ஆட்டோ பிடித்து வா.

ஜாஹிரா

*

தென்காசி,
05.07.2024

மாஜிதாவுக்கு,

வீடு சேர்ந்தாயா என்று ஒரு வரி எழுத உனக்கு மனசு வரவில்லை. ஆட்டுக்கறி ஆக்கி வைத்திருந்தேன், ஒரு வாய் தொடவில்லை. இதையும் நான் மறக்கமாட்டேன்.

தராசில் இருந்த கிளைடரில் நீ ஏறி உட்கார்ந்தாய். முள் அசையவில்லை. "தராசு செத்துப்போச்சு ஆச்சி" என்று இசக்கிதுரை தட்டித் தட்டிப் பார்த்தான். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். பிறகு இறங்கினாய். அப்போதுதான் முள் மெல்லத் திரும்பி, தகட்டில் போட்டிருந்த எடையில் போய் நின்றது. பெங்களூர்க்காரர்கள் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆலை இப்போது காலி. நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, சரி. ஆனால் இறங்கும்போது அத்தனை ஆண்கள் கைநீட்டி நிற்க, என் தோளைப் பிடித்து இறங்கினாயே, ஏன்?

அவ்வளவு கனம் உனக்கு. இன்னும் தோள் விண்விண்ணென்று வலிக்கிறது. பேத்தி அதீபா தைலம் கொண்டுவந்தாள். தேய்க்க வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜாஹிரா