அப்பா கூப்பிடும் விதம்

ஐப்பசி, வியாழன் இரவு

மாலையில் அப்பாவோடு தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தபோது, அவருடைய பழைய பாத்திரக்கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் எதிரே வந்தார்.

"என்னண்ணே, எப்படி இருக்கீக?"

"எனக்கென்ன மாப்ள! வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" அப்பா அவர் தோளில் கைபோட்டுக்கொண்டார். வெகுநேரம் ஒரே சிரிப்பு.

அவர் போனதும், தெரியாதவள் போல யாரென்று கேட்டேன்.

"யாரு கண்டா? மாப்ளன்னு கூப்பிட்டா நம்ம ஊர்ல எவன் கோவிச்சுக்கப் போறான்?"

நானும் சிரித்துவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அப்பா என்னைக் கலா என்றுதான் கூப்பிடுவார். கொஞ்சுகிற பழக்கமே கிடையாது. சில வாரங்களாக நான் தாயி ஆகியிருக்கிறேன். வயதாகி மனம் இளகிவிட்டது என்று உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

இரவுச் சாப்பாட்டில், "தாயி, கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். என் பெயர் என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்க மனம் வரவில்லை.

"இந்தாங்கப்பா. கலா வச்ச ரசம், உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு."

"கலா எம்புட்டு உப்புப் போட்டாலும் குடிப்பேன், தாயி."

பெயரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அது தெரிந்தும் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.