நீத்லிங் மேட்டு வெள்ளைப் புதர்

கிளான்வில்லியம்,
திங்கள் மாலை

என் கண்ணு அனெக்கேவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, என் மூட்டுவலி மூவரும் சுகம், நீயும் நார்வே குளிரும் ஒத்துப்போகிறீர்களா என்று எழுது.

ஒரு வாரமாக அப்பாதான் சமையல், நான் பண்ணைக்கார டவீட் நீத்லிங்கின் மேட்டில் வெயிலில் குந்தியிருந்தேன். அங்கே புக்கு என்கிற மூலிகை வகையில் ஒரு புதர், வெள்ளைப் பூ, இலையைக் கசக்கினால் சோம்பு வாசனை, மொத்தமே நாற்பது செடி, தேடிய வரையில் வேறெங்கும் இல்லை. டவீட்டோ திங்கட்கிழமை மேட்டை உழுது ரூய்போஸ் தேயிலை விதைப்பதாக இருந்தான். கெஞ்சினேன். "டாக்டரம்மா, பேரே இல்லாத செடிங்கிறீங்க, பேர் தெரியாத ஆளுக்காக எவனாவது டிராக்டர நிறுத்துவானா?" என்றான். பெயர் வைக்க வேண்டுமானால் புது இனம் என்று நான் நிரூபிக்க வேண்டும், அதற்குக் காய் வேண்டும். காயோ பழுத்ததும் வெடித்து விதையைத் தெறிக்கும், எறும்பு தூக்கிக்கொண்டு ஓடிவிடும். அதனால் நீ விட்டுப்போன நைலான் காலுறைகளைக் கிளைகளில் மாட்டிக் கட்டினேன். உதவிக்குக் கூட வந்த டென்சில், "அக்கா, மலையே துணி காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றான்.

வெள்ளிக்கிழமை முதல் காயைப் பிளந்தேன், ஐந்து அறை. ஊரறிந்த பழைய புக்குக்கும் ஐந்துதான். அப்படியானால் இது புது இனமே இல்லை. டென்சில் எட்டிப் பார்த்து, "இந்தக் காலுறைய நீங்க மாட்டினது ஓரத்துல நிக்கிற பழைய புக்குச் செடிக்கு, அக்கா" என்றான். இருபத்தாறு வருடத் தாவர ஆராய்ச்சி அனுபவம், என்ன சொல்ல. மறுநாள் சரியான செடியில் பத்துக் காய் பிளந்தேன், பத்திலும் மூன்றே அறை. அன்று மாலையே விவரக் குறிப்பை முடித்தேன், பத்திரிகை ஏற்க மாதக்கணக்காகும், டிராக்டருக்கு ஒரே நாள்தான் இருந்தது. ஞாயிறு சர்ச் முடிந்ததும் காகிதத்தை டவீட்டிடம் நீட்டினேன். செடியின் பெயராக எழுதியிருந்த, லத்தீன் வால் ஒட்டிய தன் குடும்பப் பெயரை விரலால் தடவிப் பார்த்தான். "எங்கப்பா பேரும் இதானே" என்றான். பிறகு, "என் பேரு உள்ளத நானே உழுதா இந்தச் சர்ச்சுல தலைகாட்ட முடியுமா?" என்றான். இன்று காலை டிராக்டர் கீழ் வயலுக்குப் போயிற்று.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும், செடிப் பெயருக்கான அந்த இடத்தில் முதலில் நான் எழுதியிருந்தது உன் பெயர். சர்ச் வாசலில், காருக்குள் உட்கார்ந்து அதை அடித்துவிட்டு நீத்லிங் பெயரை எழுதினேன். கோபம் வந்தால் போனில் திட்டு, கடிதத்தில் வேண்டாம், அப்பா படித்துவிடுவார்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். மீன் எண்ணெய் குடிக்க மறக்காதே.

உன் அம்மா,
ஹெஸ்டர்