கேமரன் அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை

சில வாரம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கொழுந்து வெட்டும் மெசினைச் சாக்கு மாற்ற நிறுத்தினோம். அந்த நேரம் பார்த்து, பிளாஸ்டிக் அங்கிக்குள் இருந்த போன் அதிர்ந்தது. பெட்ரோல் வாடையும் வெட்டுப்பட்ட கொழுந்தின் பச்சை வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன. பழக்கத்தில் மெசினின் அந்த முனையைப் பார்த்து, "ஏய், கதை வந்துருச்சு" என்று சொல்லிவிட்டேன். அங்கே புதிதாக ஜோடி சேர்ந்த நேப்பாளத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். சாக்குக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. சாக்கு, மழை, போதும் என்று சைகையிலேயே எங்கள் நாள் போய்விடுகிறது.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் உனக்கு எழுதுகிறேன். அன்று வந்த கதையைப் பற்றி வேறு யாரிடமும் மனசுவிட்டுப் பேச முடியாது.

எத்தனை வருஷம் நாம் இரண்டு பேரும் அந்த மெசினைத் தூக்கினோம். இன்ஜின் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் தேயிலை வரிசை. ஓடும்போது ஒரு வார்த்தை பேச முடியாது, காது அடைத்துவிடும். சாக்கு நிறையும் வரைக்கும் சொல்ல வந்ததை வாயில் அடக்கிக்கொண்டு நடப்பாய். உன் கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்து நான் சிரிப்பேன். இன்ஜின் நின்றதும் விட்ட இடத்திலிருந்து பிடிப்பாய்.

"அதனாலதான் சொல்றேன், அவ எஸ்டேட்டுப் புள்ள லா."

"எதனால? முன்னாடி நீ என்ன சொன்னேன்னே எனக்கு மறந்துபோச்சு."

"உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு? கையப் பாரு புள்ள, அவ கையப் பாரு."

போனில் வாரா வாரம் வரும் காதல் படக்கதையில் இருக்கும் நிலானியைப் பற்றித்தான் இவ்வளவு சண்டையும். கோலாலம்பூரில் ஒரு ஆபீசில் வேலை செய்கிறாள். கவின் என்று ஒரு பணக்கார வீட்டுப் பையன் அவளைக் கட்டிக்கொள்ள நிற்கிறான். அவள் எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று யாரிடமும் சொல்ல மாட்டாள். கதை படிக்கிறவர்கள் எல்லாம் ஒரு குரூப்பில் கூடி, அவள் எங்கிருந்து வந்தாள், அவனுடைய அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அடித்துக்கொள்வார்கள். நீ அதில் பெரிய ஆள். நம் கேமரன் மலையை வைத்து உனக்கு அங்கே கேமரன் அக்கா என்று பெயர். என்னையும் உள்ளே சேர்த்துவிட்டாய். நான் ஒரு எழுத்து போட்டதில்லை.

தராசுக் கொட்டகையில் உட்கார்ந்து நீதான் எனக்குப் படித்துக் காட்டுவாய். நான் கூட்டிக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ரொட்டி தீர்ந்துவிடும் என்பாய். ஒரு நாள் நாம் போட்ட சத்தத்தில் கங்காணி எழுந்து வந்துவிட்டார்.

"என்னம்மா, யாரு வீட்டுக் கல்யாணம் நின்னுபோச்சு?"

"நிலானி கல்யாணம்ங்க. மாமியாக்காரி ஒத்துக்க மாட்டா."

"நிலானியா? எந்த லைன் வீட்டுல இருக்குது அந்தப் புள்ள?"

நீ தேத்தண்ணியைத் துப்பிவிட்டாய். அதற்குப் பிறகும் அவர் வாரம் தவறாமல் வந்து, "என்னா, முடிஞ்சுதா கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உன் கட்சிக்கு இருந்த ஒரே சாட்சி அந்த விரல்கள். நிலானியின் விரல் நுனியை மட்டும் படம் போடுகிறவன் கறுப்பாகப் போடுவான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். பார்த்த அன்றைக்கே உன் கையை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினாய். சரிவான இடங்களில் மெசின் ஏறாது, அங்கே இன்னும் கையால்தான் கிள்ளுகிறோம். கொழுந்துப் பால் ஏறிய கறை எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. உன் விரலும் அவள் விரலும் ஒரே மாதிரிதான் இருந்தன. கிள்ளுகிறவளுக்குத்தான் இது தெரியும், கிள்ளான் டவுனில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எப்படித் தெரியும் என்று குரூப்பில் குரல் செய்தி போட்டாய்.

குரூப்பில் எப்போதும் உனக்கு எதிர்க்கட்சியான அந்தக் கிள்ளான்காரி சும்மா இருப்பாளா? கதையில் நிலானி பியானோ வாசிப்பாள். "எஸ்டேட்டுல பொறந்த புள்ள பியானோ வாசிக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"ஏன், எஸ்டேட்டுப் புள்ள தொட்டா பியானோ சத்தம் போடாதா?" என்றாய். குரூப்பே சிரித்தது.

நீ எதற்கு இவ்வளவு மல்லுக்கு நிற்கிறாய் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஈப்போவில் வாழப்போன வீட்டில், விருந்தாளி வந்த அன்று உன் மாமியார் பலகாரத் தட்டை உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ உள்ள இரும்மா, கை அசிங்கமா தெரியுது." சிரித்துக்கொண்டே சொன்னாளாம். உன் புருஷன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். "பேப்பர் படிச்சிட்டு இருந்தான் புள்ள. பக்கத்தத் திருப்புனான் பாரு, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு" என்றாய். ஒரு பெட்டியோடு தாப்பா பஸ் ஏறி நம் மலையில், ரிங்லெட்டில் வந்து இறங்கினாய். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

அதனால்தான் உனக்கு நிலானி எஸ்டேட்டுக்காரியாக இருக்க வேண்டியிருந்தது. கவினின் அம்மா அவள் கையைப் பார்க்க வேண்டும். கவின் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கிறானா இல்லையா, அது ஒன்றுதான் உனக்குத் தெரிய வேண்டும்.

"தொறக்க மாட்டான்" என்பாய் நீ.

"இவன் தொறப்பான். இவன் நல்லவன்" என்பேன் நான்.

"எல்லாரும் நல்லவன்தான் புள்ள, அம்மா பேசாத வரைக்கும்."

உனக்கு வயிற்றில் கட்டி என்று ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த சமயத்தில், படம் போடுகிறவன் கதையை நிறுத்தினான். உடம்பு அலுப்பு, கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு சந்திப்போம் என்று ஒரு பூப்படம் போட்டிருந்தான். நான்தான் கட்டிலோரம் உட்கார்ந்து கூட்டிக் கூட்டிப் படித்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய்.

"அவனுக்கு அலுப்பா? என்னைக் கேளு, அலுப்புன்னா என்னான்னு சொல்றேன்."

சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. உன் கையைப் பிடித்தேன். எத்தனை மாதமோ ஆகியிருந்தது நீ கிள்ளி. விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. நீயும் அதைப் பார்த்தாய். "பாரு, இப்ப போனா மாமியாக்காரி தட்டத் தூக்கவிடுவா" என்றாய். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நிலானி எஸ்டேட்டுப் புள்ளதான். இல்லன்னு வந்துச்சுன்னா எங்கிட்ட சொல்லாத" என்றாய்.

கதை திரும்ப ஆரம்பிக்கும் முன் நீ போய்விட்டாய்.

சொல்லாதே என்றாய். சொல்லுகிறேன், கோபித்துக்கொள். அந்த வெள்ளிக்கிழமை வந்த கதைப்படி அவள் எஸ்டேட்டுப் பிள்ளை இல்லை. பெரிய ஹோட்டல்காரன் மகள், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் கரித்துண்டால் படம் வரைவாளாம். விரலில் இருந்தது அந்தக் கரி. சோப்பு போட்டால் போய்விடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் யார் மகள் என்று தெரிந்ததும் கவினின் அம்மா ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுக்கிறாள். கவின் பக்கத்தில் நின்று சிரிக்கிறான். அவன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நீ எந்தக் கேள்விக்காக இத்தனை வெள்ளிக்கிழமை காத்திருந்தாயோ, அந்தக் கேள்வியைப் படம் போடுகிறவன் கேட்காமலே தாண்டிப் போய்விட்டான்.

குரூப்பில் ஒரே கொண்டாட்டம். "கேமரன் அக்கா அவுட்!" "அக்கா எங்க ஒளிஞ்சிட்டீங்க?" "தேயிலைக் கறையாம், கரிக்கட்டையாம், ஐயோ!" கிள்ளான்காரி பியானோ படத்தைப் போட்டு, "தோத்தவங்க வந்து ஒரு பாட்டு பாடணும் லா" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நீ போனது அவர்களுக்குத் தெரியாது.

அக்கா செத்துப்போய்விட்டாள் என்று சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் ஆளுக்கு ஒரு கும்பிடு போடுவார்கள், ஒரு மெழுகுவத்திப் படம் போடுவார்கள், மறுநாள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இந்த மலையில் உன் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மெசினில் உன் பக்கத்தை வேறு ஆள் பிடிக்கிறார். குரூப் என்கிற அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் நீ தோற்றுப்போனவளாக இருக்கிறாய். செத்துப்போனவளாக இல்லை.

அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குரூப்பில் பேசினேன். போனில் தட்டி எழுத வரவில்லை, குரல்தான். "நான் கேமரன் அக்காவோட கூட்டாளி. அக்கா இன்னும் ஒத்துக்கல. பணக்காரின்னு தெரிஞ்சதும் முத்தம் குடுக்குற மாமியா, நாளைக்கு அந்த ஹோட்டல் கைவிட்டுப் போச்சுன்னா என்ன பண்ணுவா? அன்னைக்கு கவின் வாயத் தொறப்பானான்னு அக்கா கேக்குறாங்க."

அவ்வளவுதான். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அது எப்படி, இது எப்படி என்று அன்று சாயங்காலம் வரைக்கும் போன் ஓயவில்லை. "அக்காகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார்கள். கேட்டதாகச் சொன்னேன். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே வேலைதான். நீ என்ன சொல்லுவாய் என்று வரிசையோரம் நடந்துகொண்டே யோசிக்கிறேன். இன்ஜின் நின்றதும் உன் பேச்சைப் பேசிவிடுகிறேன். அவன் தொறக்க மாட்டான். எல்லாரும் நல்லவன்தான், அம்மா பேசாத வரைக்கும்.

போன வாரம் கிள்ளான்காரி குரலில் பதில் போட்டாள். "இல்லக்கா, இவன் தொறப்பான். இவன் நல்லவன்." அப்படியே நான் உன்னிடம் சொன்ன வார்த்தை. கொட்டகையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். துளிகூட நம்பிக்கை வரவில்லை.

அப்போதுதான் புரிந்தது. கவின் பேசுவான் என்று உன்னோடு அவ்வளவு வருஷம் சண்டை போட்டேனே, கவினை எனக்கு என்ன தெரியும்? ஈப்போவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனை எழுப்ப முடியாது. அதனால் படத்தில் இருக்கிறவனையாவது உனக்காகப் பேச வைக்கப் பார்த்தேன். அந்த நம்பிக்கை முழுக்க உனக்காக வைத்திருந்தது. நீ போனதும் அதுவும் போய்விட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது உன்னுடையதுதான். யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது. அதைத்தான் இப்போது நான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். இல்லை, திறப்பார்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இந்தத் தடவை நீ வந்து சொல்லேன்.