உச்சி வலை

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வரியில் முடிப்பாய். இந்தத் தடவையாவது நாலு வரி எழுது. கைபேசி உன் அத்தானிடம் இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

உன் மருமகள் வாலுவைப் பள்ளியில் மலைக்கு அழைத்துப்போகிறார்களாம். சின்னதாக ஒரு கூடாரம் வேண்டும். தம்பி கூடாரக் கடையில் ரிப்பேர் வேலை பார்க்கும்போது நான் எதற்கு வெளியே அலைய வேண்டும்? விலை குறைவாக, சட்டென்று கிழியாததாகப் பார். சிமெண்டுத் தரையில் நிற்குமா? எத்தனை மாதம் தாங்கும்? பதிலை நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கே அனுப்பு.

உன் அக்கா

நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கேன். மீதி மூன்று வரி கீழே.

மூன்று பேருக்கு என்று போட்டிருந்தால் இரண்டு பேர்தான் காலை நீட்டலாம். மலிவானதில் முதலில் உடைவது கம்பி, அதனால் அலுமினியக் கம்பியாக எடுத்தேன். அடித்துணி நல்ல தடிமன். ஆணி அடிக்காமலே நிற்கும், மூலைக்கு ஒரு செங்கல் போதும். ஜிப் கெட்டுத் திரும்பி வந்தது என்பதால் பாதி விலை. ஜிப்பை நானே மாற்றித் தைத்திருக்கிறேன். சிரிக்காதே. பார்சல் தனியாக வரும்.

மலைக்குப் போகிறவர்கள் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பார்கள். மாதக் கணக்கு யாரும் கேட்டதில்லை. மலையில் சிமெண்டுத் தரை ஏது? அக்கா, கூடாரம் யாருக்கு?

உன் தம்பி

நவம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடம் மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். உன் அத்தான் என்னை அடிப்பது புதிதில்லை. போன மாதம் வாலுவை அடித்தார். அன்றே கிளம்பிவிட்டேன். கடைக்கார அம்மாதான் "கடை மொட்டை மாடில இருந்துக்கோ, யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார்.

கடைக்குப் போன் செய்யாதே. உன் அத்தான் விடாமல் கூப்பிடுகிறார் என்று அந்த அம்மா எடுப்பதே இல்லை. கூடாரம் கம்பீரமாக நிற்கிறது. நீ தைத்த ஜிப்தான் இப்போதே பல்லிளிக்கிறது.

உன் அக்கா

டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

என் அறைக்கு வந்துவிடு. கூட இருக்கிற மூன்று பேரையும் வராந்தாவில் படுக்கச் சொல்கிறேன். வரமாட்டாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? தனி வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், தை பிறந்ததும் உங்கள் இருவரையும் அழைத்துவர வருவேன்.

அதுவரை உள்ளே அடுப்பு மட்டும் பற்றவைக்காதே. கண்மூடித் திறப்பதற்குள் துணியில் தீப்பிடிக்கும்.

உன் தம்பி

டிசம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் பேச்சை மீறவில்லை, அடுப்பு கீழேதான் இருக்கிறது. வேலை முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியில் மிஞ்சிய கரிக் கங்குகளை அப்படியே மேலே கொண்டுபோய்க் கூடாரத்துக்குள் எங்களுக்கு நடுவில் வைத்துக்கொள்கிறோம்.

கூடாரத்து உச்சியில் துணி போதாமல் வலையை வைத்து ஒப்பேற்றியிருக்கிறான் ஒரு சோம்பேறி. குளிர் காற்று நேராக மண்டையில் இறங்கியது. ஒட்டுப் போட்டு இரட்டைத் தையல் அடித்துவிட்டேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. இப்போது உள்ளே அப்படி ஒரு கதகதப்பு. எழுந்ததும் எனக்குத் தலை வலிக்கிறது, நேற்று வாலு வாந்தி எடுத்தாள். வெளியே வந்து நின்றால் சரியாகிவிடுகிறது.

ஜிப் பக்கம் வாலு படுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்த இடுக்கையும் தைத்துவிடுகிறேன்.

உன் அக்கா

டிசம்பர் 23

அக்கா,

உன் கடிதம் கிடைத்ததும் கடைக்குப் போன் அடித்தேன். அத்தான் என்று நினைத்துக் கடைக்கார அம்மா எடுக்கவில்லை. பஸ் ஏறினேன். நான் வந்தபோது மாடிப்படியில் ஒரே கூட்டம். "காலைல இறங்கி வரலையேன்னு மேல போய்ப் பார்த்தேன் தம்பி" என்றார் அம்மா. வாலுவுக்கு மூச்சு இருந்தது, உனக்கு இல்லை.

அந்த வலை சோம்பேறி விட்டதில்லை, காற்று போக வர விட்டது. கங்கிலிருந்து வரும் நச்சுக் காற்றுக்குப் புகையும் இல்லை, வாடையும் இல்லை. இது எனக்குத் தெரியும். தீப்பிடிக்கும் என்று மட்டும்தானே உனக்கு எழுதினேன்?

வாலு பிழைத்துக்கொண்டாள். ஜிப் இடுக்கில் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதைத் தைக்க உனக்கு நேரம் கிடைக்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் "அம்மா எங்க மாமா?" என்றாள். எழுந்துபோய் ஜன்னலை இன்னும் அகலத் திறந்துவிட்டேன்.

நாலு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். இன்று உன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்த ஒட்டைப் பிரிக்க உட்கார்ந்தேன். முனை நுழைய இடமில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருக்கிறாய், அக்கா.

உன் தம்பி